செவலையின் சீம்பால்

சொர்ணம் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற பெண் அல்ல. கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, வாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். தவிட்டு மூட்டை வந்தால் அடி வரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்வாள். மேலே தவிடும் அடியில் உமியுமாகக் கொண்டுவந்த ஒருவனை நெமிலிச்சேரி ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் துரத்திக்கொண்டு போன கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "எமனே வந்தாலும் இவ ஆதார் கார்டக் காட்டுன்னுவா" என்பான் அவள் புருஷன் வேம்புலி.

அப்படிப்பட்டவளின் மாட்டுக்கொட்டகை முன்னால்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஸ்கூட்டரில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள் கால்நடை டாக்டர் மைதிலி. நாமக்கல்காரி. முப்பது வயதுகூட இராது. மேல்படிப்புக்காக வேப்பம்பட்டு, பட்டாபிராம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் சினை மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணத்துக்கு நான்கு மாடுகள். வெளிவட்டச் சாலைக்கு உள்பக்கம், ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மதில் சுவரை ஒட்டி அவளுடைய தகரக் கொட்டகை. அந்தக் குடியிருப்பில்தான் வேம்புலிக்கு செக்யூரிட்டி வேலை. அங்கேயே பதினெட்டு வீடுகளுக்கு சொர்ணம் பால் ஊற்றினாள். நான்கு மாடுகளில் இரண்டு இப்போது நிறைசினை. கறுப்பிக்கு இது தலை ஈற்று. செவலைக்கு மூன்றாவது. ஆனால் செவலை முன்பு போட்ட இரண்டு கன்றுகளும் பதினைந்து நாள் தாண்டவில்லை. இரண்டுமே தண்ணீராய்க் கழிந்து, கண் உள்ளே போய், கழுத்தைத் தூக்க முடியாமல் செத்துப்போயின.

"உங்க வீட்டுக்காரர் சரின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டாருங்க்கா" என்று மைதிலி ஒரு தாளைக் காட்டினாள்.

"அவுரு யாரு கேட்டாலும் கையெழுத்து போடுவாரு. மாடு என்னுது. பையில இன்னா கீது, அத்த சொல்லு."

"பொடிங்க்கா. கன்னு போடறதுக்கு முன்னாடி மூணு வாரம் தினம் ஒரு கரண்டி தவிட்டுல கலந்து வைக்கணும். அப்படி வெச்சா சீம்பால் கூட வருதா, கெட்டியா வருதா, அதைக் குடிக்கற கன்னுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறுதான்னு பாக்கறோம். மஞ்சச் சீட்டு ஒட்டின பை செவலைக்கு. பச்சைச் சீட்டு கறுப்பிக்கு."

"ரெண்டும் ஒரே பொடியா?"

"இல்லீங்க. ஒண்ணுல புதுச் சத்துப் பொடி. இன்னொண்ணுல வெறும் தாது உப்பு."

"எதுல எது?"

"அது எனக்கே தெரியாதுங்க்கா."

சொர்ணம் இடுப்பில் கை வைத்தாள். "மருந்து குடுக்கற டாக்டருக்கே மருந்து இன்னான்னு தெரியாதா? இது எந்த ஊரு நாயம்?"

"தெரிஞ்சா என்னை அறியாமலேயே ஒரு மாட்டை ஒசத்தியாவும் இன்னொண்ணைக் கம்மியாவும் பார்த்துருவேனுங்க. அதனால எங்க புரொபசர் அந்த விவரத்தைப் பூட்டி வெச்சிருக்கார். கடைசியிலதான் திறப்பார்."

மைதிலி சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பே சொர்ணத்துக்குப் பிடிக்கவில்லை. பூட்டி வைக்கிற அளவுக்கு ஒரு பொடியில் என்ன இருக்கும்? ஆறு மாதத்துக்கு இரண்டு கன்றுகளுக்கும் வைத்தியம் இலவசம் என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. சும்மா ஒருத்தர் வந்து மாட்டின் வயிற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவார்களா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அல்லவா இருக்கிறது.

டாக்டர் போனதும் இரண்டு பையையும் பிரித்தாள். முதலில் முகர்ந்தாள். பிறகு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். பச்சைச் சீட்டுப் பொடி வறுத்த மாவு மாதிரி இருந்தது. லேசாகக் கருவாட்டு வாடை. மஞ்சள் சீட்டுப் பொடியோ உப்புக் கரித்தது, கசந்தது, தொண்டை வரைக்கும் இரும்பைச் சப்பினாற்போல ஒரு ருசி. மூன்று தரம் வாய் கொப்பளித்தும் போகவில்லை.

அந்தக் கசப்பைச் செவலைக்கு ஏன் எழுதினார்கள்? கறுப்பிக்கு ஏன் எழுதவில்லை? அன்று முழுவதும் சாணம் அள்ளும்போதும், பால் ஊற்றப் போகும்போதும், லிப்டில் நிற்கும்போதும் சொர்ணம் இதையே யோசித்தாள். செவலையின் கன்றுகள் சாகும் என்பது ஊருக்கே தெரியும். இன்னொன்றும் செத்தால் யாரும் டாக்டரைக் கேட்கப்போவதில்லை. 'அது அந்த மாட்டு ராசி' என்று போய்விடுவார்கள். அதனால்தான் செவலையைப் பொறுக்கியிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து மஞ்சள் சீட்டுப் பொடி தினம் ஒரு கரண்டி சாணக்குழிக்குப் போனது. பச்சைச் சீட்டுப் பொடியைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு மாட்டுக்கும் வைத்தாள். டாக்டர் கொடுத்திருந்த அட்டையில் மட்டும் இரண்டு கட்டத்திலும் ஒழுங்காக டிக் அடித்தாள். இது வேம்புலிக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்குச் செவலை கன்று போட்டது. கிடாரிக் கன்று. தாயைப் போலவே செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. சொர்ணம் போன் பண்ணிய அரை மணி நேரத்தில் மைதிலி வந்துவிட்டாள். முதல் பாலைக் கறந்ததும் அதில் ஒரு சொட்டு எடுத்து, சின்ன டார்ச் லைட் மாதிரி இருந்த ஒரு குழாயின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை வைத்தாள்.

"இருபத்தி நாலு! இருபத்திரண்டு இருந்தாலே நல்ல சீம்பால்னு சொல்லுவோம். நீங்களும் பாருங்க்கா."

சொர்ணம் பார்த்தாள். நீலமும் வெள்ளையுமாக ஒரு கோடு தெரிந்தது. என்ன என்று புரியவில்லை, ஆனால் மனசுக்குள் ஒரு கர்வம். 'ஒன் கசப்பு மருந்தைக் குட்த்திருந்தா இது வந்திருக்குமா?' என்று நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை.

"அக்கா, இது ரொம்ப முக்கியம்" என்றாள் மைதிலி. "கன்னு பொறக்கறப்ப அதோட ரத்தத்துல நோயை எதிர்க்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. எல்லாம் சீம்பால்ல இருந்துதான் ஏறணும். அதுவும் முதல் சில மணி நேரம்தான் ஏறும். அப்புறம் குடல் கதவைச் சாத்திக்கும். நஞ்சுக்கொடி விழட்டும்னு காத்திருக்கக் கூடாது. இந்த ரெண்டரை லிட்டரும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள கன்னு வயித்துக்குப் போயாகணும்."

மாட்டுக்குக் கால்சியம் மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள். மருந்து வாங்க சொர்ணம் பட்டாபிராம் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்திருந்த வேம்புலியிடம் பால் தூக்கையும் ரப்பர் காம்பு போட்ட பாட்டிலையும் கொடுத்தாள்.

"யோவ், மொத்தமும் குடிக்கணும். சொம்மா ரெண்டு வாய் குட்த்துட்டு பூடாத."

"நான் பாத்துக்கறேம்மே. நீ போய்னு வா."

ரயில்வே கேட்டில் மாட்டி, ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்று, அவள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தூக்கு காலியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கன்று வைக்கோலில் சுருண்டு படுத்திருந்தது. வாயோரம் பால் நுரை. சொர்ணத்துக்கு நிம்மதி.

வியாழக்கிழமை மைதிலி வந்து கன்றின் கழுத்தில் ஊசி போட்டு ஒரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மாலையே திரும்பி வந்தாள். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

"சொர்ணக்கா, கன்னுக்குச் சீம்பால் குடுத்தீங்களா?"

"இன்னா கேள்வி இது? மொத்தமும் குட்த்தாச்சே."

"ரெண்டரை லிட்டருமா?"

"அக்காங். ரெண்டரையும்தான்."

"சீம்பால்ல இருந்து ரத்தத்துல ஏறற புரதம் அஞ்சரைக்கு மேல இருக்கணும். இதுக்கு நாலு புள்ளி மூணுதான் இருக்கு. அவ்வளவு கெட்டிப் பாலை ரெண்டரை லிட்டர் குடிச்ச கன்னுக்கு இப்படி வராதுங்க்கா."

"அப்ப நான் பொய் சொல்றேன்றியா?"

"அப்படிச் சொல்லல. ஆனா பால் எங்கயோ போயிருக்கு."

அவள் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை கொட்டகைக்குள்ளேயே நின்றது. சொர்ணத்துக்கு ஆத்திரம் பொங்கியது. பொடியில் கோளாறு, பழி என் தலையில். நாளைக்கு இந்தக் கன்றும் செத்தால் 'பால் கொடுக்காமல் கொன்றது அந்தப் பொம்பளைதான்' என்று எழுதி வைத்துவிடுவார்கள். இதற்குத்தானா அந்த அட்டையும் ரத்தமும் டார்ச் லைட்டும்?

மறுநாள் காலை குடியிருப்பில் பால் ஊற்றிக்கொண்டு நான்காவது மாடிக்குப் போனாள். அங்கே மனோகரன் என்பவர் வீடு. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். அவர் மனைவி அனுசுயா பாத்திரத்தை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"சொர்ணம்மா, சீம்பால் அருமை! வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில வேக வெச்சேன், அப்படியே அல்வாத் துண்டு மாதிரி வந்துச்சு. எதிர் வீட்டுக்கும் குடுத்தேன். அண்ணன்கிட்ட தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன், கேட்ல ஆளையே காணோம்."

சொர்ணத்தின் கை நின்றது. பால் பாத்திர விளிம்பில் வழிந்து தரையில் சொட்டியது.

"எப்பம்மா குட்த்தாரு?"

"செவ்வாய்க்கிழமைதான். மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். சூடு ஆறாம அப்படியே கொண்டுவந்தார்."

மிச்சம் இருந்த வீடுகளுக்கு எப்படிப் பால் ஊற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே இறங்கி வந்தபோது வேம்புலி கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் டீ கிளாஸை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவனையே பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிற முகம். அதை இன்று ஒரு தவிட்டு மூட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஷிப்ட் முடிந்து அவன் கொட்டகைக்கு வரும்வரை காத்திருந்தாள். வந்ததும் கேட்டாள்:

"செவ்வாக்கெழம கன்னுக்கு எவ்ளோ பால் குட்த்த?"

"அதான் நீ வெச்சிட்டுப் போனதெல்லாம்..."

"நாலாவது மாடிக்கு எவ்ளோ போச்சு?"

வேம்புலி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"ரெண்டு லிட்டரு" என்றான் கடைசியில். "கன்னுக்கு அரை லிட்டரு குட்த்தேன். அப்பால கறவையில கீற நம்ப வெள்ளச்சி மாட்டுப் பாலை ஊத்தி வயித்த ரொப்பிட்டேன். பால் பால்தானேம்மே? நம்ப சாதி சனத்துல கன்னு போட்டா நாலு ஊட்டுக்கு சீம்பால் குடுக்கறது வழக்கம்தானே?"

"வழக்கத்துக்கா குட்த்த? அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

அவன் மதில் சுவரைக் காட்டினான். "செயலாளர் சார் ஒரு தபா கேட்டாண்ட நின்னுகினு சொன்னாரு, 'வேம்புலி, உங்க கொட்டாய் நாத்தத்தப் பத்தி குரூப்ல பேச்சு வருது, நான் பாத்துக்கறேன்'னு. மறுநாளே, 'மாடு கன்னு போட்டா சொல்லுங்க'ன்னாரு. எனக்குப் புரிஞ்சி போச்சு. அவுரு மனசு கோணினா கொட்டாய எடுத்துடுவாங்க. நாலு மாட்டையும் இஸ்துகினு நாம எங்க போவோம்?"

"எப்ப சொன்னாரு?"

"அவுங்க குடிவந்த புதுசுல."

"மூணு வருசம் முன்னாடி" என்றாள் சொர்ணம். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அப்ப... போன தபாவும் குட்த்தியா?"

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"அதுக்கு மிந்தின தபா?"

"கன்னு சாவும்னு எனக்கு இன்னாமே தெரியும்" என்றான் வேம்புலி. அவன் கண் கலங்கிவிட்டது.

சொர்ணம் கத்துவாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் கத்தவில்லை. செவலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதன் கழுத்தில் கையை வைத்தாள்.

"ரெண்டு வருசமா தண்ணிய சந்தேகப்பட்டேன். சினை ஊசி போட்டவன சந்தேகப்பட்டேன். புல்லு அறுக்கற ஏரிக்கரைய சந்தேகப்பட்டேன். இப்ப அந்தப் பொண்ணையும் சந்தேகப்பட்டேன். ஊட்டுக்குள்ள கீறவன மட்டும் உட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கன்று கழிய ஆரம்பித்தது. முன்பு இரண்டு முறை பார்த்த அதே தண்ணீர், அதே புளித்த நாற்றம். மதியத்துக்குள் காது தொங்கிவிட்டது. மைதிலி வந்தாள். ஊசி போட்டு, குளூக்கோஸ் பாட்டிலைத் தகரக் கூரையின் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை எவ்வளவு இடைவெளியில் கொடுக்க வேண்டும் என்று வேம்புலிக்குச் சொன்னாள். எல்லாம் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றாள் சொர்ணம்.

"எங்க புரொபசருக்குங்க்கா. செவலை சாப்பிட்டது மஞ்சச் சீட்டுப் பொடி. நீங்க சொன்ன மாதிரி ரெண்டரை லிட்டரும் குடுத்து, பால் அவ்வளவு கெட்டியா இருந்தும் கன்னு ரத்தத்துல ஏறலைன்னா, அந்தப் பொடியிலதான் ஏதோ தப்பு இருக்கணும். சீட்டு நிறம் வீட்டுக்கு வீடு மாறும், ஆனா இதே பொடி இன்னும் இருபது வீட்ல ஓடுது. நிறுத்தச் சொல்லப்போறேன். எத்தனை கன்னுக்கு ஆபத்தோ தெரியல."

வேம்புலி சொர்ணத்தைப் பார்த்தான். பால் போன கதையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம் அவன் முகத்தில் இருந்தது. ஆனால் சொர்ணம் நினைத்தது வேறு. புருஷன் செய்ததைச் சொன்னால் போதாது. தான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் செவலை தின்னாத பொடிக்கு இருபது வீட்டில் பழி விழும்.

"போன வையி டாக்டரம்மா" என்றாள். "செவலை அந்தப் பொடிய ஒரு நாளும் துன்னல."

"என்னங்க்கா சொல்றீங்க? அட்டையில..."

"அட்டையில சொம்மா போட்டேன். மஞ்ச சீட்டு மொத்தமும் சாணக்குழில கீது. பச்சையத்தான் ரெண்டுத்துக்கும் பிரிச்சி வெச்சேன். கசந்திச்சி. விசம்னு நெனச்சேன்." ஒரு மூச்சு விட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "கன்னுக்கும் பால் போவல. அத்த இவுரு சொல்லுவாரு."

வேம்புலி சொன்னான். 

மைதிலி சாணம் படியாத ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஹெல்மெட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை நம்பலைன்னா முதல் நாளே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேங்க்கா. நான் வெயில்ல இத்தனை வீடு அலையறது பொய்க் கட்டத்தை எண்ணவா?" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் உறைத்தது. "இனிமே உங்க வீடு இந்த ஆராய்ச்சியில இல்ல. ரெண்டு மாட்டையும் எடுத்துடறேன்."

அவள் போனில் பேசினாள். இந்த வீட்டை நீக்கிவிடுவதால் அதன் விவரத்தை மட்டும் திறந்து சொல்லச் சொன்னாள் போலிருக்கிறது. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"நீங்க விஷம்னு கொட்டினது தாது உப்பு. எந்தக் கடையிலயும் கிடைக்கற சாதாரண உப்பு. நல்லதுன்னு ரெண்டுக்கும் பிரிச்சுக் குடுத்தீங்களே, அதுதான் புதுப் பொடி."

சொர்ணம் கறுப்பியைத் திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பயந்தாளோ அதைத் தன் கையாலேயே இரண்டு மாட்டுக்கும் ஊட்டியிருக்கிறாள். அதனால்தான் செவலையின் பால் கெட்டியாக வந்ததா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டும்விட்டாள்.

"சொல்ல முடியாதுங்க்கா" என்றாள் மைதிலி. "பாதி அளவு, ஒரே மாடு. அதை வெச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு. பொடி நல்லதோ கெட்டதோ, பாலுக்குள்ள என்ன சத்து இருந்தாலும், அது கன்னு வாய்க்குப் போனாத்தான் உண்டு."

ஆராய்ச்சியில் இல்லாத வீடு என்றாலும் மைதிலி வருவதை நிறுத்தவில்லை. எட்டு நாள் தொடர்ந்து வந்தாள். அந்த எட்டு நாளும் வேம்புலி ஷிப்ட் முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி தண்ணீர் ஊட்டுவான். சொர்ணம் தூரத்தில் நின்று பாட்டிலில் அளவு குறைகிறதா என்று பார்ப்பாள். அவனுக்கு அது தெரியும். ஒவ்வொரு தடவையும் பாட்டிலை அவள் பக்கம் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கீழே வைத்தான். ஒன்பதாம் நாள் கன்று தானாக எழுந்து, தள்ளாடிக்கொண்டே போய்த் தாயின் மடியை முட்டியது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் முட்டிய முட்டில் செவலை ஒரு அடி நகர்ந்தது.

கறுப்பிக்கு நாள் நெருங்கியபோது சொர்ணம் நான்காவது மாடிக்குப் போனாள். மனோகரன் கழுத்தில் ஹெட்போனோடு கதவைத் திறந்தார்.

"சார், இன்னொரு மாடு கன்னு போடப்போவுது. இந்த தபா சீம்பால் மொதல்ல கன்னுக்கு. கன்னு குடிச்சி மீதி இருந்தா ரெண்டாம் நாள் பாலு நானே கொண்டாந்து தரேன். அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

நடந்ததையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"சொர்ணம்மா, நான் எப்ப கேட்டேன்? அவரா கொண்டுவந்தார். வேண்டாம்னா தப்பா நினைச்சுக்குவாரேன்னு வாங்கிக்கிட்டோம். கன்னு செத்துச்சுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

"குரூப்ல பேச்சு வருதுன்னு சொன்னீங்களாமே."

"வந்துச்சு. அதைச் சொன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"கன்னு போட்டா சொல்லச் சொன்னீங்களாமே."

"எங்க ஊர்ல சின்ன வயசுல சாப்பிட்டது. ஆசையில கேட்டேன். அது ஒரு குத்தமா?"

போன் அடித்தது. அவர் பார்வை அதற்குப் போய்விட்டது. லிப்டில் இறங்கும்போது சொர்ணம் அந்த இரண்டு வாக்கியத்தையும் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் ஒரு குற்றமும் இல்லை. சேர்த்து வைத்தால் வேம்புலி பயந்தது சரிதான் என்று பட்டது.

கறுப்பி ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கன்று போட்டது. வேம்புலி கன்றின் தலையைப் பிடித்துக்கொள்ள, சொர்ணமே பாட்டிலைப் பிடித்தாள். ஒரு சொட்டு விடாமல் இரண்டரை லிட்டரும் உள்ளே போனது. ஆராய்ச்சிக் கணக்கில் இல்லாவிட்டாலும் மைதிலி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ஆறு புள்ளி ஒன்று.

மற்ற வீடுகளின் முடிவு வந்தபோது மைதிலி அதையும் வந்து சொன்னாள். புதுப் பொடி தின்ற மாடுகள் சீம்பாலைக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்திருந்தனவாம். கெட்டியில் பெரிய வித்தியாசம் இல்லையாம். இன்னும் நிறைய மாடுகளில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். "அப்ப இத்தினி பாடும் இந்தக் கொஞ்சத்துக்கா?" என்று சொர்ணம் கேட்டாள். "கொஞ்சமாச்சும் உண்மையா தெரியுதே" என்றாள் மைதிலி. மூன்று பேரும் டீ குடித்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம்தான் சுகாதார ஆய்வாளர் ஒருவர் பைக்கில் வந்து கொட்டகை முன்னால் நின்றார். புகார் வந்திருப்பதாகச் சொன்னார். யார் கொடுத்தது என்று சொர்ணம் கேட்டாள். பேர் சொல்ல மாட்டோம்மா என்றார். சாணக்குழி மதிலை ஒட்டி இருக்கக் கூடாது, பத்து நாளில் மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அரைக்கால் சட்டையோடு மனோகரன் விறுவிறுவென்று வந்தார்.

"சார், நான்தான் சங்கச் செயலாளர். எங்க குடியிருப்புல பதினெட்டு வீட்டுக்கு இவங்க பால்தான். எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. குழியை மாத்திடுவாங்க. நான் பொறுப்பு."

ஆய்வாளர் தலையாட்டிவிட்டுப் போனார். வேம்புலி இரண்டு கையையும் கூப்பினான். மனோகரன் அதை வேண்டாம் என்பது போலக் கையசைத்துவிட்டு, கன்றுகளைக் குனிந்து பார்த்தார். "எது நோயில இருந்தது?" என்று கேட்டு, நெற்றியில் வெள்ளைத் திட்டுள்ளதைத் தடவியும் கொடுத்தார்.

சொர்ணம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கையா, இல்லை நிஜமாகவே ஆட்ட வந்த கையா? எழுபது வீடு இருக்கிற இடத்தில் புகாரை யார் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆய்வாளர் வந்து நின்ற ஐந்து நிமிஷத்தில் இவருக்கு எப்படித் தெரிந்தது? பால்கனியிலிருந்து பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம். எவ்வளவு யோசித்தாலும் இதை நாக்கில் வைத்துப் பார்க்க ஒரு வழி இல்லை.

"ரொம்ப ஒத்தாசை சார்" என்றாள். மனசாரத்தான் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் போனதும் வேம்புலி மெதுவாகக் கேட்டான்: "அவுரா இருக்குமாமே?"

"தெர்ல. நீ மம்பட்டிய எடு. குழிய அந்தாண்ட வெட்டணும்" என்றாள் சொர்ணம். அவன் மண்ணை வெட்டினான்; அவள் கூடையில் அள்ளிக் கொட்டினாள்.